பெண் வரலாறும் பொதுநூலகமும்: சேகரிப்பிலிருந்து விழாவரை

1896இல் அமெரிக்காவின் பாஸ்டன் பொதுநூலகத்துக்கு ஏறத்தாழ 1,000 புத்தகங்கள் நன்கொடையாக வந்து சேர்ந்தன. எல்லாமே பெண்களின் வரலாறு பற்றியவை. கொடுத்தவர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன். உள்நாட்டுப் போரின்போது, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரின் படையணிக்குத் தலைமை தாங்கியவர். கவிஞர் எமிலி டிக்கின்சன் இறந்தபின் அவருடைய கவிதைகளை மேபல் டாடுடன் சேர்ந்து முதன்முதலில் நூலாக்கியவர். பெண்கள் எழுத்தறிவு பெறலாமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து, 1859இல் பெண்கல்விக்காக வாதாடிய கட்டுரையும் அவருடையதே. அவர் தந்த தொகுப்புக்குக் 'கலாத்தியா தொகுப்பு' என்று பெயர். நூலகம் அதற்கென 1898இல் தனிப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டது.

இந்த நன்கொடையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பெண்களைப் பற்றிய புத்தகங்கள் அதற்கு முன்பும் நூலகங்களில் இருந்தன. ஆனால் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையக்கூடிய ஒரு நகரப் பொதுநூலகம், பெண் வரலாற்றை ஒரு தனிப்பொருளாக ஏற்று, அதற்குப் பெயரிட்டுப் பட்டியலும் போட்டது பெரிய காரியம். அன்று தொடங்கி இன்றைய மார்ச் மாத நூலக விழாக்கள் வரை வந்த வழியை இக்கட்டுரை தொடர்கிறது. இந்த நீண்ட காலத்தில் எந்தச் சேகரிப்பு பிழைத்தது, எது சிதறியது என்று பார்த்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்படுகிறது. வாசகர் கூட்டத்தைத் தனக்கென உருவாக்கிக்கொண்ட சேகரிப்பு நெருக்கடியில் காப்பாற்றப்பட்டது. அப்படி ஒரு கூட்டம் இல்லாதது கைமாறிக் கலைந்தது. விழாவின் பெறுமதியை இந்த அளவுகோலைக் கொண்டே பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

அடுக்கில் பெண்ணுக்குக் கிடைத்த இடம்

சேகரிப்புக்கு முன்னால் நிற்கும் கேள்வி, புத்தகத்தை எங்கே வைப்பது என்பது. மெல்வில் டியூவியின் தசமப் பகுப்பு முறை 1876இல் வெளிவந்தது. உலகெங்கும் பல பொதுநூலகங்கள் அதை ஏற்றன. அதன் பழைய பதிப்புகளில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட எண் 396. அது 390 என்ற 'பழக்கவழக்கங்கள்' வகுப்பின் உட்பிரிவு. 395 நடத்தை நாகரிகம், 397 நாடோடி மக்கள், 398 நாட்டார் கதைகள். ஆக, வாக்குரிமைக்காகச் சிறை சென்ற பெண்ணைப் பற்றிய நூலும், விருந்தில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லும் நூலும் அடுத்தடுத்து நின்றன. பின்னாளைய பதிப்புகள்தான் பெண்களைச் சமூகவியலின் கீழ் 305.4 என்ற எண்ணுக்குக் கொண்டுவந்தன.

இத்தனைக்கும் நூலகத் தொழிலில் பெண்களுக்குப் பஞ்சம் இல்லை. கொலம்பியாவில் 1887இல் டியூவி தொடங்கிய நூலகப் பள்ளியின் முதல் வகுப்பிலேயே பெண்கள்தான் பெரும்பான்மை. அமெரிக்கப் பொதுநூலகங்களின் அன்றாட வேலையைப் பெண்களே சுமந்தார்கள். புத்தகத்தை எடுத்துத் தருபவர் பெண், படிப்பவர்களிலும் பலர் பெண்கள். பெண்ணின் கடந்தகாலம் மட்டும் பழக்கவழக்க அடுக்கில் ஒடுங்கிக் கிடந்தது. பகுப்பெண் என்பது வெறும் அலுவலக வசதி என்று நினைப்பவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாரிஸ்: நகரத்திடம் ஒப்படைத்த கொடை

ஹிக்கின்சன் புத்தகம் தந்த அதே 1896இல், பாரிஸில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டைப் பற்றி எழுத 'ஃபிகாரோ' நாளிதழ் மார்கரித் துரானை அனுப்பியது. நாடக நடிகையாக இருந்து பத்திரிகையாளர் ஆனவர் அவர். மாநாட்டைக் கேட்டவர் அந்தப் பக்கமே சேர்ந்துவிட்டார். மறு ஆண்டு டிசம்பரில் 'லா ஃபிரோந்த்' என்ற நாளிதழைத் தொடங்கினார். ஆசிரியர், செய்தியாளர், அச்சுக் கோப்பவர் வரை அனைவரும் பெண்கள். அச்சுக் கோப்பவர்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலி.

நாளிதழ் நடத்துபவருக்குச் செய்தி நறுக்குகளைச் சேர்க்கும் வழக்கம் இயல்பாக வரும். துரான் அதை விடாமல் வாழ்நாள் முழுவதும் செய்தார். நறுக்குகள், கடிதங்கள், துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், அஞ்சலட்டைகள், புத்தகங்கள் என்று சேர்ந்ததை 1931இல் பாரிஸ் மாநகருக்குக் கொடையாக அளித்தார். மறு ஆண்டு, பாந்தியோன் எதிரே இருக்கும் 5ஆம் வட்டார நகரமன்றக் கட்டடத்தில் நூலகம் திறக்கப்பட்டது. 1936இல் இறக்கும்வரை ஊதியம் வாங்காமல் அவரே அதை நடத்தினார். 1989இல் நூலகம் 13ஆம் வட்டாரத்துக்கு இடம் மாறியது.

துரானின் தொலைநோக்கு இந்தக் கொடையில்தான் விளங்குகிறது. பிரெஞ்சுப் பெண்களுக்கு அன்று வாக்குரிமை கிடையாது. 1944இல்தான் அது வந்தது. மாநகர ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத பெண் ஒருவர், பெண்களின் ஆவணங்களைக் காக்கும் பொறுப்பை அந்த ஆட்சியின் தலையிலேயே ஏற்றிவைத்தார். தனியார் வீட்டில் இருந்திருந்தால் வாரிசுகளோடு முடிந்திருக்கும். 2017இல் இதை வேறொரு நகர நூலகத்தின் கட்டடத்துக்கு மாற்றும் திட்டம் வந்தபோது, தனித்தன்மை போய்விடும் என்று ஆய்வாளர்களும் பெண்ணிய அமைப்பினரும் எதிர்த்துக் கிளம்பினார்கள். கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அது நகரத்தின் சொத்து.

லண்டன்: நாற்பது ஆண்டு காத்த நூலகர்

1918இல் பிரிட்டனில் 30 வயது கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை கிடைத்தது. அதற்காகப் பாடுபட்ட சங்கங்களின் கையில் அரைநூற்றாண்டுத் தாள்கள் குவிந்திருந்தன. வாக்குரிமை இயக்கத் தலைவி மில்லிசென்ட் ஃபாசெட்டின் வழிவந்த லண்டன் பெண்கள் சேவைச் சங்கம் 1926இல் தன் நூலகத்தை முறையாக அமைத்து, வேரா டூயி என்பவரை நூலகராக நியமித்தது. நோக்கம் இரண்டு: போராட்டத்தின் சான்றுகளைக் காப்பது, புதிதாகப் பொதுவாழ்வுக்கு வரும் பெண்களுக்குச் சட்டம், வேலைவாய்ப்பு, ஊதியம் பற்றிய தகவலைக் கையில் தருவது. பழையதைப் பூட்டிவைக்கும் இடமாக அதை யாரும் நினைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1931 ஜனவரியில் அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் வர்ஜீனியா உல்ஃப் பெண்களின் தொழில்வாழ்வு பற்றிப் பேசினார். 1938இல் வந்த 'த்ரீ கினீஸ்' நூலின் விதை அந்தப் பேச்சில் இருந்தது. உல்ஃப் அந்நூலகத்தைப் பயன்படுத்தினார். அதற்குப் புத்தகம் வாங்கியும் உதவினார்.

டூயி 1967இல் ஓய்வு பெற்றார். இடையில் உலகப்போர் வந்தது, சங்கத்தின் கட்டடம் குண்டுவீச்சில் சேதமடைந்தது, பணமுடை தீரவே இல்லை. 40 ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஆள் பொறுப்பில் இருந்ததால்தான் அந்தத் தொகுப்பு ஒரே தொகுப்பாக இருக்கிறது. பெண் வரலாற்றை எழுதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. எழுதுவதற்கு வேண்டியதைக் காத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. வேரா டூயியின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

அங்கே இருப்பவற்றில் ஒன்றை மட்டும் பார்ப்போம். 1913 ஜூன் 4 அன்று எப்சம் குதிரைப் பந்தயத்தில், மன்னரின் குதிரைக்கு முன்னால் ஓடி அடிபட்டு, நான்கு நாள் கழித்து உயிர் நீத்தவர் வாக்குரிமைப் போராளி எமிலி வைல்டிங் டேவிசன். அவருடைய கைப்பையில் இருந்த பணப்பையும் ரயிலில் திரும்புவதற்கான பயணச்சீட்டும் இந்தத் தொகுப்பில் உள்ளன. அவர் சாகத் துணிந்து போனாரா, திரும்பி வரும் எண்ணத்தோடு போனாரா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. சீட்டு எதையும் முடிவாக நிறுவிவிடவில்லை. ஆனாலும் குப்பைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு துண்டு அட்டை, ஒரு பெண்ணின் கடைசி நாளைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதவிடாமல் நூறாண்டுக்கு மேலாகத் தடுத்து வருகிறது.

1977இல் நூலகம் ஃபாசெட் நூலகம் என்ற பெயரோடு லண்டன் நகரப் பாலிடெக்னிக்கின் பொறுப்புக்குப் போனது. கிடைத்தது நிலவறை. மழைநீர் புகும் இடம். பெண்கள் வரலாறு கல்லூரிப் பாடமாக வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதன் மூல ஆவணங்கள் ஈரத்துக்கு அஞ்சிக் கிடந்தன.

கலைந்தவையும் கொள்ளைபோனவையும்

எல்லா முயற்சியும் லண்டனைப் போல் பிழைக்கவில்லை. ஹங்கேரியிலிருந்து வந்த அமைதி இயக்கத் தலைவி ரோசிகா ஷ்விம்மர், உலகப் பெண்கள் அனைவரின் ஆவணங்களுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்று 1935இல் யோசனை சொன்னார். வரலாற்றாசிரியர் மேரி பியர்ட் தலைமையில் நியூயார்க்கில் பெண்கள் ஆவண உலக நிலையம் உருவானது. ஆவணம் இல்லையேல் வரலாறும் இல்லை என்பதே அவர்கள் கொள்கை. ஐந்தே ஆண்டில், 1940இல், நிலையம் கலைந்தது. பணம் திரளவில்லை, வாக்குரிமை இயக்கத்தின் பழைய பிரிவுகளுக்கிடையே இருந்த பகை புகைந்தது, கறுப்பினப் பெண்களைச் சமமாகச் சேர்த்துக்கொள்வதில் வெள்ளைப் பெண்கள் தயங்கினார்கள். ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகர் டோரதி போர்ட்டர் கறுப்பினப் பெண்களின் ஆவணங்களுக்காகத் தனிக்குழுவை நடத்த நேர்ந்தது. கறுப்பினத்தவர் எழுதிய எதையும் அடிமைமுறை, குடியேற்றம் என்ற இரண்டு எண்களில் அடைத்த டியூவி பகுப்பை ஏற்க மறுத்து, பொருளுக்கேற்ப அடுக்கி வைத்தவரும் இதே போர்ட்டர்தான்.

நிலையத்தின் பெரிய குறை, அதற்கு வாசிப்பறை இல்லாததே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதரவாளர்கள் இருந்தார்கள், கடிதத் தாளில் அச்சிடப் புகழ்பெற்ற பெயர்கள் இருந்தன. தினமும் வந்து உட்கார்ந்து படிக்கும் பெண்கள் இல்லை. மூடும் நேரத்தில் அதற்காகத் தெருவில் நிற்க ஆள் இல்லை. ஆனாலும் பியர்டின் உழைப்பு வீண்போகவில்லை. ஸ்மித் கல்லூரி 1942இல் சோஃபியா ஸ்மித் தொகுப்பைத் தொடங்கியது. ஷ்விம்மரின் ஆவணங்கள் அதே ஆண்டு நியூயார்க் பொதுநூலகத்துக்குப் போயின. மறு ஆண்டு மாட் வுட் பார்க் தம் வாக்குரிமை இயக்கத் தாள்களை ராட்கிளிஃப் கல்லூரிக்குத் தந்தார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஷ்லெசிங்கர் நூலகம்.

ஆம்ஸ்டர்டாமின் கதை இன்னும் கொடியது. ரோசா மானுஸ், யோஹன்னா நாபர், வில்லெமைன் போஸ்துமுஸ் ஆகிய மூவர் 1935இல் அங்கே பெண்கள் இயக்கத்துக்கான உலகளாவிய ஆவணகத்தை நிறுவினார்கள். 1940 ஜூலையில் நாஜிகள் அதை மூடி, நூல்களையும் தாள்களையும் பெட்டிபெட்டியாக எடுத்துப் போனார்கள். யூதரான ரோசா மானுஸ் ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்கு அனுப்பப்பட்டார், மீளவில்லை. தொலைந்தே போனது என்று கருதப்பட்ட தாள்கள் 1992இல் மாஸ்கோவின் ஆவணக்காப்பகம் ஒன்றில் இருப்பது தெரிந்தது. அவை ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பிய ஆண்டு 2003.

மார்ச் மாதம் வந்த விதம்

சேகரிப்பு ஏற்கெனவே அரைநூற்றாண்டுக்கு மேல் வளர்ந்த பிறகே விழா வந்தது. 1978இல் கலிஃபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில், பெண்கள் நிலை பற்றிய ஆணையம், பள்ளிப் பாடத்தில் பெண்களே இல்லை என்பதை உணர்ந்து, உலகப் பெண்கள் நாளான மார்ச் 8ஐ ஒட்டிய வாரத்தைப் பெண்கள் வரலாற்று வாரமாகக் கொண்டாடியது. மறு ஆண்டு சாரா லாரன்ஸ் கல்லூரியில் வரலாற்றாசிரியர் கெர்டா லெர்னர் நடத்திய கோடைப் பயிலரங்கில் இச்செய்தி பரவியது. வந்திருந்த பெண்கள் தத்தம் ஊரில் இதையே செய்வதென்று கலைந்தார்கள். 1980இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அந்த வாரத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தார். 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் மார்ச் முழுவதையும் பெண்கள் வரலாற்று மாதமாக்கியது.

அறிவிப்பு வந்ததும் பள்ளிகளுக்கும் பொதுநூலகங்களுக்கும் ஒரு நெருக்கடி. கொண்டாட என்ன இருக்கிறது? சுவரொட்டி, நூற்பட்டியல், படக்காட்சி, பேச்சாளர் என்று தேடத் தொடங்கியபோதுதான், துரான், டூயி போன்றவர்கள் சேர்த்து வைத்ததன் அருமை ஊருக்குப் புரிந்தது. வாசலருகே மேசை போட்டுப் பெண்கள் எழுதிய நூல்களை அடுக்குவது, கதை சொல்லல், ஊர்ப் பெண்களின் புகைப்படக் காட்சி ஆகியவை ஆண்டு வழக்கமாயின. இதற்கு எதிர்வாதமும் உண்டு: மார்ச் 1 அன்று மேசைக்கு வரும் புத்தகம் 31ஆம் தேதி அடுக்குக்குப் போய்விடுகிறது, மற்றப் பதினொரு மாதம் யாருடைய வரலாறு என்று கேட்பவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆகவே, விழா முடிந்தபின் நூலகத்தில் புதிதாக எது மிஞ்சியது என்று கணக்குப் பார்ப்பதே சரி. 2014 முதல் பல நாட்டு நூலகங்களில் மார்ச் மாதத்தில் கூடி, விக்கிப்பீடியாவில் விடுபட்ட பெண் கலைஞர்களைப் பற்றி எழுதுகிறார்கள். அது மிச்சம் வைக்கும் விழா.

சலவைக்கூடத்தில் திறந்த வாசல்

நிலவறையில் கிடந்த லண்டன் நூலகத்துக்கு 2002இல் புதுவாழ்வு வந்தது. லாட்டரி நிதியின் உதவியோடு, கிழக்கு லண்டனின் ஓல்ட் காசில் தெருவில், பழைய பொதுச் சலவைக்கூடத்தின் முகப்பை அப்படியே வைத்து, பின்னால் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதி ஏழைப் பெண்கள் துணி மூட்டையோடு நுழைந்த வாசல் அது. 'பெண்கள் நூலகம்' என்ற பெயரில் கண்காட்சிக் கூடமும் பேச்சு அரங்கும் வகுப்பறையும் அதில் அமைந்தன. ஆய்வாளர்கள் மட்டுமே அறிந்திருந்த தொகுப்பைப் பள்ளிக்குழந்தைகளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து பார்த்தார்கள்.

பத்தாண்டு கழிந்தது. 2012இல், பாலிடெக்னிக்கின் வழிவந்து பொறுப்பிலிருந்த பல்கலைக்கழகம் செலவைத் தாங்க முடியாது என்று கைவிரித்தது. உடனே ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுக்கள், கூட்டங்கள், பத்திரிகைக் கடிதங்கள் எழுந்தன. 1940இல் நியூயார்க்கில் இல்லாதிருந்த கூட்டம் 2012இல் லண்டனில் இருந்தது; அந்தப் பத்தாண்டுக் கண்காட்சிகள் உருவாக்கிய கூட்டம் அது. கட்டடம் கைவிட்டுப் போயிற்று. ஆனால் 60,000க்கு மேற்பட்ட நூல்களும் துண்டறிக்கைகளும் ஆவணங்களும் சிதறாமல் 2013இல் லண்டன் பொருளியல் பள்ளிக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்தன.

கிளாஸ்கோவிலோ வரிசையே தலைகீழ். அங்கே முதலில் வந்தது விழா. 1990ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாக அந்நகரம் தேர்வானபோது, அந்தக் கொண்டாட்டத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று ஒரு குழு வேலை செய்தது. அப்போது சேர்ந்த பொருள்களைக் கொண்டு 1991இல் கிளாஸ்கோ பெண்கள் நூலகம் பிறந்தது. மக்கள் நன்கொடையிலேயே வளர்ந்த அதன் தொகுப்பு, 2015இல் ஸ்காட்லாந்தின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த தொகுப்பாக ஏற்கப்பட்டது. தெருத்தெருவாக நடந்து அந்த ஊர்ப் பெண்களின் வரலாற்றைச் சொல்லும் அவர்களுடைய நடைப்பயணங்கள் பெயர்பெற்றவை. இன்று நூலகம் இருக்கும் பிரிட்ஜ்டன் கட்டடம் ஒருகாலத்தில் அப்பகுதிப் பொதுநூலகமாக இருந்தது.

நம் அடுக்குகளில்

தமிழில் பெண் வரலாற்றுக்குச் சான்று குறைவு என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் மறு ஆண்டே 'ஸ்திரீ தர்மா' இதழைக் கொண்டுவந்தது. வை. மு. கோதைநாயகி 1925 முதல் 'ஜகன்மோகினி'யை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் தேவதாசி முறைக்கு எதிராக நாவலே எழுதினார். சான்றுகள் இருந்தன, இருக்கும் இடம்தான் சிதறிப்போயிற்று. முத்துலட்சுமி ரெட்டியின் தாள்களைப் பார்க்க வேண்டுமானால் தில்லியில் 2023 வரை நேரு நினைவு நூலகம் எனப்பட்ட நூலகத்துக்குப் போக வேண்டும். பழைய பெண்கள் இதழ்களைத் தேடுபவர்கள் கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்ததற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்ததால் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பெண்களுக்கென்றே ஓர் ஆவணகம் வேண்டும் என்று எண்ணிச் செயல்பட்டவர் ஒரு தமிழ் எழுத்தாளர்: அம்பை என்ற சி. எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் 1988இல் 'ஸ்பாரோ'வை நிறுவினார். பெண்களின் வாய்மொழி வரலாற்றையும் படங்களையும் சேர்த்துவரும் அந்த ஆவணகம் இருப்பது மும்பையில்.

தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொதுநூலகச் சட்டம் உண்டு, எஸ். ஆர். அரங்கநாதனின் உழைப்பால் வந்த அந்தச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகம் முதல் ஊர்ப்புற நூலகம் வரை கட்டடமும் வாசகர் வட்டமும் இருக்கின்றன. மார்ச் 8 அன்று பல நூலகங்களில் கூட்டமும் நடக்கிறது. பேச்சாளர் வருவார், பொன்னாடை போர்த்துவார்கள், கோலப்போட்டிக்குப் பரிசு கொடுப்பார்கள். அந்த ஊரில் முதன்முதலில் பள்ளிக்கூட ஆசிரியையானவர் யார், பீடி சுற்றும் பெண்கள் எப்போது சங்கம் வைத்தார்கள், மதுவிலக்கு மறியலுக்கு எந்தத் தெருப் பெண்கள் போனார்கள் என்ற கேள்விக்கு அந்த நூலகத்தில் ஒரு தாளும் இருப்பதில்லை. பாரிஸ் மாநகரம் 1931இல் ஏற்றுக்கொண்ட பொறுப்பை நம் நூலகங்கள் இன்னும் ஏற்கவில்லை.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. வாசகர் வட்டத்தாருக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச் 8 கூட்ட அழைப்பிதழில் ஒரு வரி கூடுதலாக அச்சிடுங்கள்: உங்கள் வீட்டுப் பாட்டி, அம்மா, அத்தை விட்டுச்சென்ற கடிதம், நாட்குறிப்பு, வரவுசெலவு நோட்டு, மாதர் சங்க நடவடிக்கைப் புத்தகம், பழைய இதழ்த் தொகுப்பு, பின்னால் பெயர் எழுதிய புகைப்படம் எதுவாயினும் கொண்டுவாருங்கள் என்று. தர மனமில்லாதவர்களிடம் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுங்கள். பேசக்கூடிய மூதாட்டிகளைப் பேசவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிப் பதிவேட்டில் எண் கொடுங்கள். மறு ஆண்டு விழாவில் அவற்றையே காட்சிக்கு வையுங்கள்.